பதினோராம் ஸ்தலம்

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாலே ட்ராயிங் மாஸ்டர் செல்வநாதனுக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரைக்கும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஏதாவது ஒன்று செய்து காட்ட வேண்டும், அதைப் பார்க்க ஊர் வரும் என்பது அந்தக் கிறிஸ்தவப் பங்குப் பள்ளிக்கூடத்து வழக்கம். என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியது ட்ராயிங் மாஸ்டர். மற்ற வாத்தியார்களுக்குப் புத்தகம் இருக்கிறது. கணக்கு வாத்தியார் போன வருஷத்துக் கணக்கையே இந்த வருஷமும் போடலாம், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ட்ராயிங் மாஸ்டர் மட்டும் வருஷா வருஷம் புதுசாக எதையாவது பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

வேலைக்கு வந்த வருஷம் வெண்டைக்காயை நறுக்கிச் சாயத்தில் தோய்த்து அச்சுக் குத்த வைத்தார். நன்றாகத்தான் வந்தது. ஆனால், “வெண்டிக்கா கொழம்புல போடறதுக்கா, காயிதத்துல போடறதுக்கா?” என்று ஒரு தாய் கேட்டுவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் சோப்புக் கட்டியில் சிற்பம். பாதி செதுக்கிய மயில்களையெல்லாம் பிள்ளைகள் குளிக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கடுத்த வருஷம் கிளிஞ்சல் ஒட்டினார்கள். மரக்காணத்துக் கடற்கரையில் கிளிஞ்சலைக் காட்டி யாரை அசத்த முடியும்? “இத்த அங்கியே பாத்துட்டு வந்துட்டோம் சார்” என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

செல்வநாதன் பாண்டிச்சேரிக்காரர். முப்பது வயசு ஆகவில்லை. நன்றாக வரைவார், ஆனால் வாத்தியார் வேலைக்கு வந்த பிறகு தனக்கென்று ஒரு படம் வரைந்ததில்லை. நாளெல்லாம் ஜாடி, கிளி, தென்னைமரம் என்று போர்டில் போட்டு அழித்துக்கொண்டிருந்தால் கை எதற்குத் துடிக்கும்?

அந்த வருஷத்துக்கான யோசனை அவருக்குக் கோயிலில்தான் கிடைத்தது. பிரசங்கம் நீண்டுகொண்டே போக, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டவர் சிலுவை சுமந்து போன பாதையைப் பதினான்கு படங்களாக அங்கே மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு படமும் ஒரு ஸ்தலம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு ஸ்தலத்தின் முன்னாலும் ஜனங்கள் மண்டியிட்டு ஜெபம் சொல்வார்கள். அந்தப் படங்களை உப்புக்காற்று தின்று தீர்த்திருந்தது. சிலதில் ஆண்டவரே இல்லை, சிலுவை மட்டும் தானாக நடந்து போய்க்கொண்டிருந்தது.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய், “பழைய ஃபிரேம் அப்படியே இருக்கட்டும் சாமி. பதினாலு படத்தையும் நம்ம பிள்ளைங்களே வரையட்டும்” என்றார். சாமியாருக்கு வாயெல்லாம் பல். புதுப் படத்துக்குப் பட்டணத்துக்கு எழுதிப்போட்டுப் பதில் வராமல் காத்திருந்தவர் அவர்.

இந்த இடத்தோடு நின்றிருந்தால் செல்வநாதன் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் நல்ல யோசனை ஒன்று வந்துவிட்டால் அதன் தலையில் இன்னொன்றை ஏற்றி வைக்காமல் இருக்க முடியாதவர்கள் சிலர் உண்டு. வகுப்பில் அவர் சொன்னார்: “காலண்டரப் பாத்து வரையக் கூடாது. காலண்டர்ல இருக்கறவங்களுக்கு வேர்க்கறதே இல்ல. உங்க வீட்டு ஆளுங்களப் பாருங்க. மூட்ட தூக்கறவங்களப் பாருங்க, முட்டி போட்டுப் பாத்திரம் தேய்க்கறவங்களப் பாருங்க. அவங்கள வரைங்க.”

சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு ஞானமேரிக்கு ஆறாம் ஸ்தலத்தின் மேல் ஆசை. ஆண்டவரின் முகத்தை ஒரு பெண் துணியால் துடைக்கிற இடம் அது. விழுந்தது பதினொன்று. ஆண்டவரைச் சிலுவையில் கிடத்தி ஆணி அடிக்கிற இடம்.

ஞானமேரியின் அப்பா ஏசுராஜ் உப்பளத்தில் வேலை செய்கிறவர். தாயில்லாப் பிள்ளை என்று மகள்மேல் உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாளே என்று, வரப்போரத்தில் ஒரு முளையை நட்டு, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலை ஓங்கியபடி வெயிலில் அசையாமல் நின்று கொடுத்தார். எந்தப் படத்துக்கு என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வரைய வந்தது. அதுதான் வினை. மற்ற பதின்மூன்று படங்களிலும் யார் மூக்கு யார் காது என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள் செய்த புண்ணியம் அது. ஞானமேரியின் படத்தில் ஆணி அடிக்கும் சேவகனின் கை இருந்தது. ஓங்கிய கையும், ஆணியைப் பிடித்த கையும், நரம்பும், உப்புத் தண்ணீரில் வெடித்த விரலுமாக இரண்டு கைகள். பார்த்ததும் செல்வநாதனுக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஆனால் முகம் இல்லை. ஓங்கிய கைக்குப் பின்னால் முகத்தை முழுசாக மறைத்து வைத்திருந்தாள்.

“மூஞ்சி எங்கேம்மா?”

“இப்படியே இருக்கட்டும் சார்.”

“மூஞ்சி போட வராதவங்கதான் மூஞ்சிய மறைப்பாங்க. ஒனக்கு வரும்.”

“வேணாம் சார். இப்படியே நல்லா இருக்குது.”

பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். “வெச்சிட்டுப் போ, நான் பாக்கறேன்” என்றார். அவள் வாசல் வரைக்கும் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவர் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு கோடு, இரண்டு கோடு, வழி காட்டுவதற்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தார். ஓங்கிய கையைக் கொஞ்சம் தள்ளினார். தலையைப் பார்க்கிறவர் பக்கம் திருப்பினார். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தபோது ஏசுராஜை ஒரே ஒருமுறை பார்த்திருந்தார். அந்த ஒரு முறை போதும் அவருக்கு. ஒட்டிய கன்னம், வெயிலுக்கு இடுக்கிய கண், இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு எல்லாம் கைக்குத் தானாக வந்தன. வெளிச்சம் போகும் வரை எழுந்திருக்கவில்லை. முடித்தபோது உடம்பெல்லாம் லேசாக இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு முகம் போட்டிருக்கிறார். அது வேறொருத்தி படம் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவிலேயே இல்லை.

காலையில் ஞானமேரி பார்த்தாள். “அப்பா மாதிரியே இருக்குது சார்” என்றாள், குரல் எழும்பாமல். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார் அந்த மகானுபாவர்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று சாமியார் படங்களை மந்திரித்து மாட்டினார். முதல் வெள்ளிக்கிழமை கோயில் நிறைந்த கூட்டம். ஒவ்வொரு ஸ்தலமாக மண்டியிட்டு எழுந்து வந்தார்கள். பதினொன்றுக்கு வந்ததும் ஜெபம் தடுமாறியது. முன்வரிசைப் பெண்கள் படத்தைப் பார்த்தார்கள், திரும்பி ஆண்கள் பக்கம் ஏசுராஜைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். ஏசுராஜும் அப்போதுதான் பார்த்தார். வாய் ஜெபத்தை விட்டுவிட்டது.

கடைசியில் சாமியார் பீடத்திலிருந்தே சொன்னார். “பதினோராம் ஸ்தலத்த வரைஞ்சது நம்ம ஏசுராஜ் மகள் ஞானமேரி. ஆண்டவர் அந்தப் பிள்ளைக்குப் பெரிய வரம் குடுத்திருக்காரு.”

செல்வநாதன் தூணோரம் நின்றிருந்தார். இரண்டடி முன்னால் வந்து, முகம் மட்டும் நான் போட்டது சாமி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மாணவி பேர் வாங்கினால் வாத்தியாருக்குப் பெருமைதானே, நாமேன் நடுவில் போய் நிற்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். கேட்பதற்கு அழகாகவும் இருந்தது. எல்லாரும் போன பிறகு ஏசுராஜ் மட்டும் படத்துக்கு நெருங்கிப் போய்த் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்தார். ஏதோ சுருக்கென்றது. அதற்குப் பெயர் வைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

முதலில் எல்லாம் கேலிதான். டீக்கடையில் ஏசுராஜ் போய் உட்கார்ந்தால், “ஏம்பா, ஏசுவுக்கே ஏசு ஆணி அடிக்கலாமா?” என்பார்கள். அவரும் சிரிப்பார். “எம்மவ போட்டது. என்னிய விட நல்லா இருக்குது” என்பார். பொடியன்கள் பின்னாலேயே டொக் டொக் என்று நாக்கைத் தட்டிக்கொண்டு போனார்கள். அதற்கும் சிரித்தார். ஒரு முறைகூட அவர் மகளைக் கடிந்து பேசவில்லை.

பிறகு மழை வந்தது. பங்குனி மாதத்தில் வரவே கூடாத மழை, ஒரு சாயங்காலமெல்லாம் கொட்டித் தீர்த்தது. பாத்திகளில் பூத்திருந்த உப்பு கரைந்தது. வாரிக் கரையில் குவித்திருந்ததில் பாதி கரைந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மறுநாள் காலை அளத்தில் கூடி நின்றவர்களில் யாரோ ஒருவர் ஏசுராஜின் பக்கம் பார்த்தார். அதற்குப் பிறகு டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கேலி நின்றுபோனதுதான் அவரைப் பயமுறுத்தியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டி கூடியது. தலைவர் சேவியர்ராஜ், இரண்டு அளத்துக்குச் சொந்தக்காரர். பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவரின் சிலையான சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கிப் பாடையில் கிடத்தி நான்கு பேர் தெருவெல்லாம் தூக்கிப் போவார்கள். முன் வலத்தோள் ஏசுராஜுடையது. அவருக்கு முன் அவர் அப்பாவுடையது. அந்த வீட்டுக்கு ஊரில் இருந்த ஒரே மரியாதை அதுதான். “ஆணி அடிச்ச தோளு ஆண்டவரத் தூக்க வேணாம்” என்று கமிட்டி சொல்லிவிட்டது. சாமியார் இது மூடநம்பிக்கை என்று வாதாடிப் பார்த்தார். பிறகு, ஊர் இரண்டுபடக் கூடாதே என்று ஏசுராஜைக் கூப்பிட்டு, “இந்த ஒரு வருஷம் விட்டுக் குடேன்பா” என்றார். அவரும் சரி சாமி என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ட்ராயிங் பீரியட் முடிந்த பிறகு ஞானமேரி போகாமல் நின்றாள்.

“சார், ஆண்டவர் பாடுபட்ட கதைய ஈஸ்டருக்குப் போடறாங்களே, அந்தப் பாஸ்கா நாடகத்துல அவரக் காட்டிக் குடுக்கற யூதாஸ் வேஷம் யாரு கட்டுவாங்கன்னு தெரியுமா ஒங்களுக்கு?”

செல்வநாதனுக்குத் தெரியாது. ஈஸ்டர் லீவுக்கு அவர் எப்போதும் பாண்டிக்குப் பஸ் ஏறிவிடுவார்.

“பெருமுக்கல் பக்கத்துலேர்ந்து பஞ்சநாதன்னு ஒரு கூத்துக்காரர் வருவாரு. ஆணி அடிக்கற சேவகனுக்கும் அவரு கூட்டாளிதான் வருவாரு. எங்க ஊரு ஆளு ஒருத்தரும் அந்த வேஷம் கட்ட மாட்டாங்க. எப்பவோ ஒருத்தர் கட்டினப்போ மழ வந்து உப்பெல்லாம் போயிடுச்சாம். அதனாலதான் சார் நான் மூஞ்சிய மறைச்சேன். கை யாரு கைன்னு யாருக்கும் தெரியாது இல்ல.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று ஊரில் சொல்வார்கள். இது மனுஷனைப் பிடிக்கப் போய் அவனைக் கொலைகாரனாக்கிய கதை.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா.”

“வேணாம்னு சொன்னேன் சார்” என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே செல்வநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனார். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டே போனார். மன்னிப்புக் கேட்க வேண்டும். முகம் நான் போட்டது என்று சொல்ல வேண்டும். சேவகன் தலையில் ஓர் இரும்புத் தொப்பியைக் கவிழ்த்துக் கண் வரைக்கும் இறக்கிவிட்டால் போதும், அரை மணி நேர வேலை.

ஏசுராஜ் கரைந்த பாத்தியை மறுபடி மிதித்துக்கொண்டிருந்தார். வாத்தியாரைக் கண்டதும் வரப்பேறி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். செல்வநாதன் கடைசி விஷயத்தை முதலில் சொன்னார். கோழைகள் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

“அந்தப் படத்துல மூஞ்சிய மட்டும் கொஞ்சம் மாத்திடலாம்னு பாக்கறேன். அப்புறம் கமிட்டி ஒண்ணும் சொல்லாது. நீங்களே தூக்கலாம்.”

“வேணாம் சார்.”

“இல்லிங்க, ஒங்களுக்காகத்தான்.”

“எம்மவ கை பட்டது சார் அது. அதுல வேற ஆளு கை வெக்க வேணாம்.” ஏசுராஜ் கொஞ்சம் வெட்கப்பட்டார். “என்னிய இதுவரிக்கும் யாரும் போட்டோகூடப் புடிச்சதில்ல. கல்யாணத்துக்கும் புடிக்கல. எம்மவளோட ஆத்தா செத்தப்போ, அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு காட்ட ஒண்ணும் இல்ல எங்கிட்ட. இந்தப் பொண்ணு என்னா பண்ணியிருக்கா பாருங்க. புருவத்துல வெட்டுகூட விடல. தெனம் சோறு போடறப்போ என்னிய இவ்ளோ உத்துப் பாத்திருக்கான்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஊரு இன்னா வேணாப் பேசட்டும் சார். தோளு போனாப் போவுது.”

தயார் பண்ணிக்கொண்டு வந்த வாக்கியத்தைச் செல்வநாதன் விழுங்கிவிட்டார். சரிங்க, என்றார். நல்லா வரைவா உங்க பொண்ணு, என்றுகூடச் சொன்னார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த மனுஷன் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த புருவத்துத் தழும்பு, உற்றுப் பார்த்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்த பார்வை, எல்லாம் ஒரே ஒரு நாள் அவரை அரைகுறையாகப் பார்த்த ஒரு வேற்று ஆளுடையது. சொன்னால் தோள் திரும்பக் கிடைக்கும், மகளின் பார்வை போய்விடும். சொல்லாவிட்டால் தோள் போய்விடும், பொய் தங்கும். எதைச் செய்தாலும் ஒன்றைத் திருடியாக வேண்டும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது செல்வநாதனுக்கு அந்த வாரத்தில்தான் புரிந்தது. போர்டில் சாக்பீஸால் கிளி போட்டால்கூட அதன் கண் யாரையோ போல இடுங்கியது.

ஞானமேரி இரண்டு நாள் பொறுத்தாள். பிறகு வந்து, “நீங்க சொல்லலேன்னா நான் சொல்லட்டுமா சார்?” என்றாள். “எல்லாரும் என்னிய நல்லா வரைஞ்சேன்னு சொல்றாங்க. எனக்கு அசிங்கமா இருக்குது. அப்பா படத்தப் பத்திப் பேசறப்பல்லாம் நான் தண்ணி மொண்டு வரப் போயிடறேன்.”

“வேணாம்மா. அப்பா சந்தோஷமா இருக்காரு. அதக் கெடுக்க வேணாம்.”

சொல்லும்போதே தெரிந்தது, அந்தச் சந்தோஷத்தின் பின்னால் தான் ஒளிந்துகொள்கிறோம் என்று. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சரி சார், என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பதினாலு வயசுப் பெண்ணை இப்படிப் பொய் சுமக்க வைத்ததற்கு நரகத்தில் தனியாக ஒரு வகுப்பறை இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

புனித வாரத்தில் அவர் பாண்டிக்குப் போகவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். அதிலும் ஒரு சாமர்த்தியம் இருந்தது. அந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் சொன்னதைச் சாமியார் வெளியில் சொல்ல முடியாது. சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று. பலகணிக்கு அந்தப் பக்கம் சாமியார் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு, “நானே பீடத்துல நின்னு அந்தப் பிள்ள பேரச் சொன்னேனே” என்றார் மெதுவாக. “உனக்கு நான் ஜெபமாலை எதுவும் அபராதமாக் குடுக்கப் போறதில்ல. யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லு.”

“அவரு மனசு உடைஞ்சிடும் சாமி.”

“அதையும் நீதான் பாக்கணும்.”

வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆராதனை முடிந்து, சுரூபத்தை இறக்கிப் பாடையில் கிடத்தினார்கள். அன்று மணி அடிக்கக் கூடாது. ஒருவர் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். சேவியர்ராஜ் தோள் கொடுக்கிறவர்களின் பெயரைக் கூப்பிட்டார். முன் வலத்தோளுக்குத் தன் மச்சானைக் கூப்பிட்டார். ஏசுராஜ் வழக்கமாக உடுத்துகிற வெள்ளை வேட்டியோடு சுவரோரம் நின்றிருந்தார். பழக்கத்தில் ஓரடி முன்னால் வந்துவிட்டார். பிறகு நினைவு வந்து பின்வாங்கி, யாரும் பார்த்தார்களா என்று இருபக்கமும் பார்த்தார்.

செல்வநாதன் பார்த்தார். அந்த ஓரடியை அவரால் தாங்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாடையின் அருகில் போய் நின்றார்.

“அந்த மூஞ்சி ஞானமேரி போட்டதில்ல” என்றார். “நான் போட்டது. அந்தப் பொண்ணு மூஞ்சிய மறைச்சுத்தான் வரைஞ்சிருந்தா. வேணாம்னு சொல்லிச்சு. நான்தான் கேக்காம அவங்கப்பா மூஞ்சியப் போட்டேன். இத்தினி நாளா சொல்லாம இருந்ததும் நான்தான். தப்பு என்னுது.”

மரக்கட்டைச் சத்தம் நின்றது. திட்டுவார்கள், அடிக்கக்கூட வருவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். ஒருத்தரும் கோபப்படவில்லை. சேவியர்ராஜின் முகம் தெளிந்தது.

“அப்போ வெளியூர் ஆளு செஞ்சது” என்றார், பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து. எல்லாரும் தலையசைத்தார்கள். நாடகத்துக்கு வரும் பஞ்சநாதனுக்குச் சோறு போட்டுப் பஸ் ஏற்றி அனுப்பும்போது இப்படித்தான் தலையசைப்பார்கள் போலிருக்கிறது. நாலு வருஷமாகச் சார் சார் என்று கூப்பிட்டவர்கள் ஒரே சொல்லில் அவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். மச்சான் தானாகவே விலகிக்கொண்டார்.

“வா ஏசு. வந்து தோள் குடு.”

ஏசுராஜ் நகரவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு அது போதுமாக இருந்தது. மெல்ல நடந்து வந்து, துண்டைத் தோளில் மடித்துப் போட்டுப் பாடையைத் தூக்கினார். வாத்தியார் பக்கம் அவர் பார்க்கவில்லை. ஊர்வலம் புறப்பட்டுப் போயிற்று. செல்வநாதன் அதன் பின்னால் போகத் துணியாமல் கோயில் வாசலிலேயே நின்றார். நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது போலத்தான் இருந்தது. ஆனது ஆகட்டும், மனுஷனுக்கு அவன் தோள் கிடைத்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்துக்கு ஊர்வலம் திரும்பியது. பாடையை உள்ளே இறக்கிவிட்டு எல்லாரும் கலைந்த பிறகு ஏசுராஜ் வெளியே வந்தார். ஞானமேரி நாலடி தள்ளி நின்றாள்.

“தோளு எனக்குப் பெரிசு இல்ல சார்” என்றார் ஏசுராஜ். கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “அடுத்த வருஷம் மழ பெய்யலேன்னா ஊரே மறந்துட்டுக் கூப்பிட்டிருக்கும். இந்தத் தவக்காலம் பூரா ஊரு ஆண்டவரப் பாத்து அழுதுச்சு. நான் அந்தப் படத்துக்கு முன்னால முட்டி போட்டுக்கினு, எம்மவள நெனச்சு சந்தோஷப்பட்டுக்கினு இருந்தேன். பாவம்னு தெரியும். இருந்தாலும் பட்டேன்.”

“மன்னிச்சிடுங்க.”

“சொல்றதுன்னா அளத்துக்கு வந்தீங்களே, அன்னிக்கே சொல்லியிருக்கணும். இல்லேன்னா நான் சாவற வரிக்கும் சொல்லாம இருந்திருக்கணும். ஊரு முன்னால சொல்லிட்டு நீங்க லேசாயிட்டீங்க.”

அவர் மகளைக் கூப்பிடாமலே நடக்க ஆரம்பித்தார். அவள் பின்னால் போனாள். செல்வநாதனுக்கு ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று துடித்தது. நாலு எட்டு ஓடிப் போய், “அந்தக் கை ரெண்டும் அவ போட்டதுதாங்க. அதுல நான் ஒரு கோடுகூடச் சேக்கல. அதுதான் அந்தப் படத்துலயே ஒசத்தி” என்றார்.

ஏசுராஜ் நின்றார். தன் இரண்டு கைகளையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

“இருக்கும் சார். ஆனா கையப் பாத்து அது நான்தான்னு யாரு சொல்லுவாங்க?”

அப்பாவும் மகளும் தனித்தனியாக அளத்துப் பாதையில் இறங்கிப் போனார்கள்.